கடல், கல், காலை வெயில்

கடலோரத்தில் எந்த வேலை செய்வதானாலும், வேலை முடிந்தபின் அந்த இடம் எப்படி இருக்கும் என்பதை எட்டு விநாடிக் காணொளியாக முதலிலேயே காட்டிவிட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. காணொளி இல்லாத கோப்பைக் கையால் தொடவே மாட்டோம் என்றும் அதில் கண்டிருந்தது. நல்ல உத்தரவுதான். முன்பெல்லாம் வேலையும் நடக்காது, நடக்காத வேலை எப்படி இருக்கும் என்று பார்க்கவும் முடியாது. இனிமேல் பார்க்கவாவது முடியும்.

நான் கிருபாநிதி. சொந்த ஊர் நாசரேத். தூத்துக்குடியில் கடலோரக் கட்டுமான அலுவலகத்துக்கு எதிரே, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், தலையை ஒரு பக்கம் மட்டும் திருப்புகிற ஒரு டேபிள் ஃபேன் சகிதம் உட்கார்ந்து மனு எழுதுகிறவன். இந்தக் கரையில் என்னை மாதிரி மனு எழுத ஆள் கிடையாது. நானாகச் சொல்லவில்லை, அதிகாரிகளே சொல்லியிருக்கிறார்கள். "வாசிக்கும்போது கண்ணுல தண்ணி வந்துட்டுவே" என்பார்கள். தண்ணீரைத் துடைத்துவிட்டு, ‘பரிசீலனையில் உள்ளது’ என்று எழுதுவார்கள். அவரவர் தொழில் அவரவருக்கு.

மனு எழுத வருகிறவர்கள் குறைந்தபோது ஏஐ வீடியோ செய்யப் பழகிக்கொண்டேன். பிறந்தநாள், கல்யாணம், பிள்ளைகள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மை, எல்லாம் உண்டு. என் வீடியோவில் புதுநன்மை எடுத்த பிள்ளை இறக்கை வைத்த சம்மனசுகளோடு மேகத்தில் சைக்கிள் ஓட்டும். தாய் தகப்பன் பார்த்துவிட்டுச் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவார்கள். இரண்டு பேர் அழுவார்கள். மனுவுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

சிலுவைத்துறை டெல்பின் என் பழைய கட்சிக்காரி. தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டின ஊர். மீன் ஏலத்தில் அவள் குரல் கொடுத்தால் மற்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டு விலை சொல்லுவார்கள். புருஷன் மனுவேல் கப்பலில் இருக்கிறான். அவன் அங்கே மிதந்துகொண்டிருக்க, இவள் இங்கே ஒற்றை ஆளாக நின்று கல் கல்லாக ஒரு வீடு கட்டினாள். கடலைப் பார்த்த முதல் வீடு. நீலச் சுவர். கட்டும்போது கடல் தூரத்தில்தான் கிடந்தது. பிறகு அது நடந்து வர ஆரம்பித்தது. முதலில் தென்னையைக் கொண்டுபோனது. அப்புறம் அரசாங்கம் கட்டிக்கொடுத்த கக்கூஸ். இப்போது அடுப்பு எரிகிற குசினிச் சுவரில் அலை வந்து தட்டிக்கொண்டிருந்தது.

இதற்கு மருந்து ஒன்றுதான், தூண்டில் வளைவு. கடலுக்குள் பெரிய பெரிய கல்லாகக் கொட்டி, தூண்டில் முள் மாதிரி வளைத்துவிடுவார்கள். அலை அதில் மோதி வேகம் இழந்துவிடும், கரை தப்பிக்கும். ஐப்பசிக்கு முன்னால் அது வந்தால் டெல்பினுக்கு வீடு உண்டு. வராவிட்டால் இல்லை. இதற்காக அவளுக்கு நான் எழுதிய மனுக்கள் எல்லாமே பரிசீலனையில்தான் இருந்தன.

"அண்ணாச்சி, இப்ப வீடியோ வேணுங்காவ" என்று வந்து நின்றாள்.

"தெரியும். ஆபீஸ்லயே செய்யுதாங்களாம்."

"ஆபீஸ்லயா?" என்றாள். அவள் முகம் போன போக்கை நான் எழுதிக் காட்ட முடியாது.

அலுவலகத்தில் அப்போது இரண்டு பேர் ஆட்சி. செயற்பொறியாளர் சிவப்பிரகாஷ் மேற்கே ஈரோட்டுப் பக்கத்துக்காரர், கடலை டிவியில் பார்த்து வளர்ந்தவர். சென்னையில் ஏஐ பயிற்சி முடித்து, சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டிவைத்திருந்தார். கண்காணிப்பாளர் பால்துரை சாத்தான்குளத்துக்காரர். கோப்பு இல்லாமல் கொட்டாவிகூட விடமாட்டார்.

ஏஐ-யிடம் நமக்கு என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறோமே, அதை உலகமெல்லாம் பிராம்ட் என்கிறது. அதற்குத் தமிழில் ‘ஏவல் வாசகம்’ என்று பெயர் சூட்டி ஒரு சுற்றறிக்கை வந்தது. எங்கள் பக்கத்தில் ஏவல் என்றால் எலுமிச்சம்பழத்தில் ஊசி குத்தி ஆகாதவன் வீட்டு வாசலில் போட்டுவிட்டு வருவது. அலுவலகத்தில் இரண்டு பேர் அந்தக் கோப்பைத் தொடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பால்துரைதான் துணிந்து எடுத்து, முதல் வாசகத்தைத் தம் கைப்பட எழுதினார்.

‘பொருள்: சிலுவைத்துறை – தூண்டில் வளைவு – காணொளி உருவாக்குதல் – தொடர்பாக. மேற்படி கடலில் மேற்படி வளைவு அமைக்கப்பெற்று, மேற்படி அலைகள் உரிய முறையில் திருப்பி அனுப்பப்படுவதைக் காணொளியாக உருவாக்கிட உடன் நடவடிக்கை எடுத்து, எடுக்கப்பட்ட நடவடிக்கையின் விவரத்தினை இவ்வலுவலகத்திற்குத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.’

ஏஐ கொஞ்ச நேரம் சுற்றியது. வீடியோ வந்தது. ஒரு பெரிய மேசை. மேசை நிறையக் கோப்பு. அதற்குப் பின்னால் மூன்று கை உள்ள ஓர் அதிகாரி. ஜன்னலுக்கு வெளியே கொஞ்சூண்டு கடல். அதிகாரி இரண்டு கையால் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, மூன்றாவது கையால் கடலைப் போகச் சொல்கிறார்.

"நல்லாத்தானே இருக்கு சார்" என்றார் பால்துரை. "நம்ம ஆபீஸ் மாதிரியே இருக்கு."

"மூணு கை இருக்கேங்க!"

"பாதி போஸ்ட் காலியாக் கிடக்கு சார். ஆளுக்கு மூணு கை இருந்தா ஒரு மாதிரி சமாளிச்சிரலாம்."

சிவப்பிரகாஷுக்குத் திருப்தி இல்லை. பயிற்சியில் காட்டிய வீடியோக்களில் எல்லாருக்கும் இரண்டு கைதான் இருந்ததாம். அப்போது வெளியே காத்திருந்த டெல்பின் விறுவிறுவென்று உள்ளே வந்து, "சார், எதிர்த்தாப்புல எங்க அண்ணாச்சி இருக்காவ. அவுங்க செஞ்ச வீடியோவுல சம்மனசுக்குக்கூட ரெண்டு கைதான்" என்று சிபாரிசு செய்தாள். கூப்பிட்டு அனுப்பினார்கள். சட்டையை மாற்றிக்கொண்டு போனேன்.

"சார், இது மனு இல்ல" என்று ஆரம்பித்தேன். மனு எழுதியே தலை நரைத்த நான் இதைச் சொன்னேன் என்பதைக் கவனிக்க வேண்டும். "இதுக்குக் கும்பிடு போட வேண்டாம், மேற்படி கீழ்ப்படி வேண்டாம். கண்ண மூடுனா என்ன தெரியுதோ, அத மட்டும் சொல்லணும். எந்த இடம், யாரு, என்ன செய்யுதாங்க, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருது, காமெரா எங்கன நிக்கி. ஒரு வீடியோவுக்கு ஒரு காரியம். ‘அழகான கடல்’னு எழுதினா அதுக்கு ஒரு மண்ணும் விளங்காது. எதப் பார்த்து அழகுங்கீங்களோ அதச் சொல்லணும்."

"எக்ஸாக்ட்லி. ட்ரெய்னிங்லயும் இதையேதான் சொன்னாங்க" என்றார் சிவப்பிரகாஷ். "அப்ப சன்செட் வைங்க. கடல்ல சூரியன் மறையுது, கோல்டன் லைட்."

டெல்பின் குறுக்கே வந்தாள். "சார், எங்க கடல்ல சூரியன் எழும்பத்தான் செய்யும். மறையணும்னா அது திருநெல்வேலிப் பக்கமாத்தான் போணும்."

அவர் ஜன்னல் வழியாகச் சூரியனைப் பார்த்தார். "எழும்பும்போதும் கோல்டன்தானுங்களே?"

"கோல்டன்தான் சார்."

"சரி, எழும்பட்டும்" என்று அனுமதி வழங்கினார்.

நான் அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். சும்மா சொல்லக் கூடாது, கை அன்றைக்கு ஓடியது. ‘அதிகாலை. காமெரா படகின் உயரத்தில், கடலிலிருந்து கரையைப் பார்த்து மெல்ல நகர்கிறது. ஆள் உயரக் கருங்கற்களால் ஆன தூண்டில் வளைவு. அலை அதில் மோதி நுரையாகிறது. உள்ளே அமைதியான தண்ணீரில் நாட்டுப்படகுகள். கரையில் வரிசையாக வீடுகள். முதல் வீட்டுக்கு நீலச் சுவர். வாசலில் மீன் கூடையோடு ஒரு பெண். பின்னால் மாதா கோயில் கோபுரம்.’

டெல்பின் எட்டிப் பார்த்தாள். "அந்தப் பொம்பள நானா அண்ணாச்சி?"

"ஆமா."

"அப்பம் நல்ல சேலையாக் கட்டச் சொல்லுங்க. ஊர் உலகம் பாக்கும்லா."

சேலைக்கு ஒரு வரி சேர்த்தேன். அந்த வாசகத்தை அப்படியே ஏஐ-க்குக் கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அரசாங்கத்தில் எந்தக் காகிதமும் பத்துப் பேர் கை படாமல் சுத்தமாவதில்லை. வாசகம் கோப்பில் ஏறிச் சுற்றுக்குப் போனது. போன இடமெல்லாம் ஆளுக்கொரு நிபந்தனை போட்டார்கள். திரும்பி வந்தபோது அதற்கு வால் முளைத்திருந்தது.

‘காணொளியில் கருப்புக்கொடி இருத்தல் கூடாது. பொதுமக்கள் முற்றுகையிடுதல் கூடாது. இடிந்த வீடு, மிதக்கும் கட்டில் ஆகியவை தென்படுதல் கூடாது. ஆமைகளுக்கு இடையூறு நேருதல் கூடாது. அதிகாரிகள் தாமதமாக வருவதாகக் காட்டப்படுதல் அறவே கூடாது.’

"சார், இது வம்பு" என்றேன் பால்துரையிடம். "ஏஐ-க்கு ‘கூடாது’ங்கிறது சரியா ஏறாது. கருப்புக்கொடின்னு நீங்க சொன்னாலே அது கொடியத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கும். வேண்டாதத வாயில எடுக்கவே கூடாது."

"அரசு கூடாதுன்னு சொன்னா கூடாதுதான்வே" என்றார். பொத்தானை அவரே அமுக்கினார்.

அடேயப்பா! தூண்டில் வளைவு நீளத்துக்கும் கருப்புக்கொடி பறந்தது. கரை முழுக்க ஜனம், கையை ஓங்கிக்கொண்டு ஓடி வருகிறது. பின்னால் வீடு பொலபொலவென்று இடிகிறது. கடலிலிருந்து ஒரு கட்டில் மிதந்து வருகிறது. அதன்மேல் கோட்டு சூட்டுப் போட்ட ஓர் அதிகாரி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, தாமதமாக வந்துகொண்டிருக்கிறார். முன்வரிசையில் ஓர் ஆமை. அதுவும் கொடி பிடித்திருந்தது.

சிவப்பிரகாஷுக்கு வேர்த்துவிட்டது. "யாரு லீக் பண்ணினது? உள்ளிருந்து யாரோ சொல்லியிருக்காங்க!" என்று கத்தினார். டெல்பினைப் பார்த்து, "உங்க ஊர்க்காரங்க வேலையாம்மா இது?" என்றார்.

"சார், எங்க ஊர் மொத்தத்துக்கும் கருப்புக்கொடி நாலுதான் உண்டு. அதையும் மாத்தி மாத்தித்தான் பிடிப்போம். இவ்வளவு கொடிக்கு நாங்க எங்க போக?"

நான் மறுபடியும் விளக்கினேன். சொன்னது எல்லாம் வரும் சார், சொல்லாதது வராது, அவ்வளவுதான் சூட்சுமம். சிவப்பிரகாஷ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அப்ப நமக்கு ஆகாததச் சொல்லாம விட்டாப் போதும். அது இல்லாமலே போயிரும்!" நிர்வாகத்தில் இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. ஆனால் அறிவியல் முறைப்படி நிரூபணம் ஆனது அன்றைக்குத்தான்.

பால்துரை சிவப்புப் பேனாவை எடுத்தார். கருப்புக்கொடி முதலிய கூடாதுகள் எல்லாம் போயின. அத்தோடு நிறுத்துவார் என்று பார்த்தால், பேனா வாசகத்துக்குள்ளேயே நுழைந்தது.

"கோயில் கோபுரம். ஒரு கோயிலக் காட்டினா மத்த கோயில், பள்ளிவாசல் எல்லாத்தையும் காட்டணும். எட்டு விநாடி காணாது." அடித்தார்.

"நாட்டுப்படகு. விசைப்படகுக்காரன் சண்டைக்கு வருவான்." அடித்தார்.

"மீன் கூடையோட பொம்பள."

"அது நான் சார்!" என்றாள் டெல்பின்.

"அதாம்மா. கருப்புக்கொடிய யாரு பிடிக்கா? ஆளு இருந்தாத்தானே கொடி." அடித்தார். "வரிசையா வீடுகள். இந்த வீட்டுக்கெல்லாம் பட்டா முடிவாகல. முடிவாகாத வீட்ட அரசுக் காணொளியில காட்டினா, அரசே ஒப்புக்கிட்ட மாதிரி ஆயிரும். நீலச் சுவர், அதுக்கும் அதே கதிதான். ஆள் உயரம், கருங்கல்லுன்னு போட்டா நாளைக்கு டேப் எடுத்துட்டு வருவான். வெறும் கல்லு போதும். தூண்டில் வளைவுன்னு எழுதினா, எப்ப கட்டி முடிச்சீங்கன்னு கேப்பான்."

கடைசியில் வாசகத்தில் மிஞ்சியது இவ்வளவுதான்: ‘கடல். கல். காலை வெயில்.’

"அண்ணாச்சி, நீங்களாவது சொல்லுங்க" என்று டெல்பின் என் பக்கம் திரும்பினாள்.

எனக்கோ அந்த மூன்று சொல்லைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. இத்தனை வருஷம் ‘தாங்கள் சமூகம் மனமிரங்கி’ என்று முழம் முழமாக எழுதின எனக்கு, இவ்வளவு சிக்கனமாக ஒன்று அமைந்ததே இல்லை. "ஏளா, மொதல்ல கல்லு வரட்டும்" என்றேன். "வீடுதான் அங்கன இருக்குல்லா. இருக்கதுக்கு எதுக்கு வீடியோ?"

பொத்தானை அமுக்கினோம். என்ன சொல்ல, அது வீடியோவே இல்லை, சொர்க்கம். பச்சையும் நீலமுமாகக் கடல் மூச்சு விடுகிறது. ஈரக் கல்லில் வெயில் பட்டு மினுங்குகிறது. ஓர் அலை வருகிறது, கல்லைத் தடவுகிறது, போகிறது. ஆள் இல்லை, சத்தம் இல்லை. சிவப்பிரகாஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பால்துரைகூடக் கொட்டாவியை விழுங்கிக்கொண்டார்.

"எங்க ஊரு எங்க?" என்றாள் டெல்பின்.

"ஃப்ரேமுக்கு வெளிய இருக்குங்கம்மா" என்றார் சிவப்பிரகாஷ்.

"கடலு ஃப்ரேமுக்கு வெளிய வராதோ?"

அந்தக் கேள்விக்குக் கோப்பு எண் இல்லாததால் பால்துரை அதைப் பதிவேட்டில் ஏற்றவில்லை.

வீடியோ மேலிடம் போய்ச் சேருவதற்கு முன்னால் வாட்ஸாப்பில் சிலுவைத்துறை முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. அத்தனை பேரும் ஸ்டேட்டஸ் வைத்தார்கள். மீனவர் சங்கத் தலைவர் செல்வின் ‘எங்க ஊரு, எங்க கெத்து’ என்று எழுதி, பாட்டும் சேர்த்துப் போட்டான். துபாயிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் ‘நம்ம ஊரா இது!’ என்று கேட்டு இதயமாகக் கொட்டினார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் யாரும் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. அதில் ஊர் இல்லை என்பது டெல்பினைத் தவிர ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

கப்பலிலிருந்து மனுவேல் பேசினான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "ஏளா, தூண்டில் வளைவு வந்துட்டு போலிருக்கே! மாதா கண்ணத் தொறந்துட்டா. இனிமே நிம்மதியாத் தூங்குவேன்."

டெல்பின் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். "வந்துட்டு" என்றாள். "போன்ல வந்துட்டு. நீங்க தூங்குங்க." போனை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எனக்குச் சங்கடமாக இருந்தது. ஃபேனை அவள் பக்கம் திருப்பப் பார்த்தேன், அது திரும்பாது.

மேலிடத்திலிருந்து இரண்டு ஓலை வந்தன. முதலாவது: சிலுவைத்துறை ஏவல் வாசகம், சுருக்கம், தெளிவு, கண்ணியம் ஆகியவற்றுக்காக மாநிலத்திலேயே முதல் பரிசு பெறுகிறது. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு கேக்கும் ஒரு பாராட்டுச் சான்றிதழும் வந்தன. இரண்டாவது: ‘காணொளியைக் கூர்ந்து நோக்கியதில், மேற்படி இடத்தில் குடியிருப்பு ஏதும் தென்படவில்லை. பாதுகாக்கப்பட வேண்டியது ஏதுமற்ற இடத்தில் தூண்டில் வளைவு அமைக்கத் தேவை எழவில்லை.’

டெல்பின் கேக்கைத் தாண்டி உள்ளே போனாள். "நீங்கதான சார் வீட்ட அடிச்சீய? நீங்களே அடிச்சிட்டு, வீடு இல்லங்கீய?"

"நான் அடிக்கலம்மா. பேனா அடிச்சுது" என்றார் பால்துரை.

"அப்பம் வீட்டத் திரும்ப எழுதுங்க."

சிவப்பிரகாஷ் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "பரிசு வாங்கின வாசகத்துல ஒரு எழுத்துகூட மாத்த முடியாதுங்கம்மா. ஊர் சார்பா நீங்களே புதுசா ஒரு வீடியோ கொடுங்க. மேல அனுப்பறேன்."

சரி, ஊர் சார்பாக ஒன்று செய்வோம் என்று சிலுவைத்துறையே என் கடைக்குத் திரண்டு வந்தது. வந்ததே, அதில் டெல்பின் ஒருத்திதான் வீட்டைப் பற்றிப் பேசினாள். செல்வின் தன்னை நடுவில் நிறுத்தி, காமெரா காலிலிருந்து மேலே ஏற வேண்டும் என்றான். சங்கத்தில் அவனுக்கு எதிர்க்கட்சியான அய்யாக்குட்டி, அவன் நடுவில் நின்றால் நான் கல்லின் மேல் நிற்பேன் என்றான். ஒருத்தருக்குத் தன் படகு வேண்டும். இன்னொருத்தருக்குத் தன் படகு மட்டும் வேண்டும். வடக்குத் தெருக்காரர்கள் ‘தெற்குத் தெருப் படகு இருக்கவே கூடாது’ என்று என் காதுக்குள் வந்து சொன்னார்கள். தெற்குத் தெரு மற்றக் காதுக்கு வந்தது.

"எய்யா, எட்டு விநாடிதான்" என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். "ஒரு வீட்ட வைங்க. டெல்பின் வீட்ட மட்டும் வைங்க. கடல் அங்கதான் நிக்கி."

"அவ வீட்ட மட்டும் வச்சா எங்களுக்கு என்ன மரியாதை?" என்றான் செல்வின். அதற்கு மட்டும் அய்யாக்குட்டியும் அவனும் ஒரே கட்சி.

எல்லாரும் சொன்னதை எழுதிப் போட்டேன். ஏஐ நெடுநேரம் முனங்கிவிட்டு ஒன்று துப்பியது. செல்வின் முகத்தில் அய்யாக்குட்டியின் மீசை இருந்தது. இருக்கவே கூடாது என்ற தெற்குத் தெருப் படகு முன்னால் வந்து நின்று ஆடியது. கடலே இல்லை, அதற்கு இடமில்லை. இதை யார் எழுதச் சொன்னது என்று கேட்டு என் மேசையைக் கவிழ்த்தார்கள். மீசை யாருக்குச் சொந்தம் என்பது முடிவாகும்வரை ஊர் சார்பாக எதையும் அனுப்பக் கூடாது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டார்கள்.

தீர்மானம் அமலில் இருக்கும்போதே ஐப்பசி வந்துவிட்டது.

வாடைக் காற்று பிடித்தது. முதலில் குசினி போனது. மறுபடி அலை வந்தபோது நீலச் சுவர் விரிசல் விட்டு உட்கார்ந்தது. மீசைக்குச் சண்டை போட்ட செல்வினும் அய்யாக்குட்டியும்தான் இடுப்பளவு தண்ணீரில் நின்று கட்டிலையும் பீரோவையும் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஏலத்தில் ஊரையே அதட்டுகிற டெல்பின் மாதா படத்தை மட்டும் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, திரேஸ்புரத்தில் இருக்கிற தங்கச்சி இசபெல்லா வீட்டுக்கு ஆட்டோ ஏறினாள்.

வீடு இழந்தவர்கள் நிவாரணம் கேட்கலாம், இடத்தின் இன்றைய நிலையை வீடியோ எடுத்துக் காட்ட வேண்டும் என்றார்கள். டெல்பின் மழை ஓய்ந்த ஒரு காலையில் போனாள். வீடு நின்ற இடத்தில் நின்று, தன் போனாலேயே எடுத்தாள். ஏஐ இல்லை, பிராம்ட் இல்லை. நானும் அவளோடு அலுவலகத்துக்குப் போனேன்.

சிவப்பிரகாஷ் போனை வாங்கிப் பார்த்தார். முகம் மாறியது. பால்துரையைக் கூப்பிட்டார். பரிசு வாங்கின வீடியோவைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டு, அதன் பக்கத்தில் போனை வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தோம். இங்கும் கடல். அங்கும் கடல். இங்கும் ஈரக் கல்லில் வெயில் மினுங்கியது. அங்கும் மினுங்கியது. அலை வந்தது, கல்லைத் தடவியது, போனது. ஆள் இல்லை. படகு இல்லை. வீடு இல்லை. கருப்புக்கொடி இல்லவே இல்லை.

"அப்படியே வந்திருக்கே!" என்றார் சிவப்பிரகாஷ், கும்பிடாத குறையாக. "ட்ரெய்னிங்ல இத யாருமே நம்பமாட்டாங்க."

பால்துரை கோப்பைத் திறந்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். "பரிசு பெற்ற ஏவல் வாசகத்தில் கண்டவாறே தலத்தில் முழுமையாக நிறைவேறியுள்ளது. செலவினம் ஏதுமில்லை. கோப்பு முடிக்கப்படலாம்."

"சார்" என்றாள் டெல்பின். "அந்தக் கல்லு என் வீட்டு அஸ்திவாரம்."

பால்துரை வாசகத்தை எடுத்து மூக்குக்கண்ணாடி வழியாக நிதானமாகப் படித்தார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. "எந்தக் கல்லுன்னு இதுல போடலியம்மா" என்றார்.

வெளியே வந்தோம். டெல்பின் என் கடை வாசலில் கொஞ்சம் நின்றாள். அங்கே எனக்குக் கொடுத்த பாராட்டுச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தேன். ‘கடல். கல். காலை வெயில்’ என்று அதில் பொன்னிறத்தில் அச்சடித்திருந்தார்கள். அதை வாசித்தாள்.

"நீங்க எழுதுனபடியே வந்துட்டுல்லா அண்ணாச்சி" என்றாள். திட்டுகிற மாதிரி இல்லை. மீன் வந்திருக்கிறது என்று சொல்லுகிற மாதிரிச் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தாள். மனுவேலிடம் இன்னும் சொல்லவில்லையாம். அந்த வீடியோவை அவன் இன்னும் தினமும் ஸ்டேட்டஸில் வைக்கிறான்.

இப்போது என் கடையில் கூட்டம் தாங்கவில்லை. கடலோரம் நெடுக எல்லா ஊரிலிருந்தும் வருகிறார்கள். நேற்றுத் தெற்கேயிருந்து ஒருவர் வந்தார், வெள்ளை வேட்டி, சங்கப் பொறுப்பாளர். அவர் ஊரிலும் கடல் படி ஏறிவிட்டதாம், அடுத்த ஐப்பசிக்குள் ஏதாவது செய்தாக வேண்டுமாம். போனை எடுத்து சிலுவைத்துறை வீடியோவை எனக்கே போட்டுக் காட்டினார்.

"இதே மாதிரி எங்க ஊருக்கும் ஒண்ணு எழுதணும் அண்ணாச்சி. கொஞ்சமும் மாறாம."

எனக்கு டெல்பின் ஞாபகம் வந்தது. இந்தத் தடவை ஒழுங்காகச் செய்வோம் என்று நிமிர்ந்து உட்கார்ந்து, "மொதல்ல சொல்லுங்க, கரையில எத்தன வீடு இருக்கு?" என்று கேட்டேன்.

அவர் பதறிப்போய்க் கையை ஆட்டினார்.

"ஐய, வீடெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. வீடியோ கெட்டுப்போயிரும்."